நம் மில்லில் அரைத்தது

சித்தப்பா மகன் கிஷாந்த் நுவரெலியாவில் கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று, ஜனகனுக்கு அந்தப் பால் தொண்டையில் இறங்கவில்லை.

வீடு பெரிதாக இருந்தது என்பதற்காக அல்ல. ஹட்டன் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாகப் பெயர் சொல்லும் சண்முகராஜா ஸ்டோர்ஸின் மூத்த மகன் அவன்; பெரிய வீடுகளைப் பார்க்காதவன் இல்லை. அந்த வீட்டை எது கட்டியது என்பதுதான் அவனைக் குடைந்தது. கிஷாந்த், போனில் விளையாடும் கேம்களைச் செய்து வெளியிடுகிறவன். ஜனகனும் அதே தொழில்தான். வயதில் மூத்தவன், தொழிலில் மூத்தவன், வீட்டு வரிசையிலும் மூத்தவன். ஆனால் அன்று கூடத்தில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரப் பிள்ளைகளின் கைகளில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது கிஷாந்தின் ‘துள்ளு தம்பி’.

தோட்டத்து ரோட்டில் ஒரு பையன் ஓடுவான். பின்னால் நாய் துரத்தும். தேயிலைச் செடியைத் தாண்ட வேண்டும், தண்ணீர்க் குழாய்க்கு அடியில் குனிய வேண்டும், வழியில் மின்னும் தங்கக் காசைப் பொறுக்க வேண்டும். அவ்வளவுதான். உலகம் பூராவும் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிற ஓட்டம் அது. எவனோ ஒரு வெளிநாட்டுப் பையனைப் பிடித்து, கம்பளித் தொப்பி போட்டுவிட்டு, மலையகத்துப் பிள்ளை என்று சொல்லி இறக்கியிருந்தான் கிஷாந்த்.

“ஏன் ஜனகா ஓரமா நிக்கிற?” என்று கூப்பிட்டாள் மீனம்மா அத்தை. அவளுக்கு ஊசி குத்துவதற்குக் கூட்டம் வேண்டும். “வா, தம்பி கேம விளையாடிப் பாரு. ஒன்னுது மாதிரி இல்ல, இதுல படம் தெரியுது.”

கூடம் சிரித்தது.

“என்னுது அப்பிடித்தான் அத்தை. காதால விளையாடுறது.”

“அதுக்கு ரேடியோவே போதுமேப்பா!”

கூடம் மறுபடி சிரித்தது. கிஷாந்த் மட்டும் சிரிக்காமல், “அண்ணே, சாப்பிட வாங்க” என்று கையைப் பிடித்தான். அவன் சிரித்திருந்தால்கூட ஜனகனுக்குத் தாங்கியிருக்கும்.

ஜனகன் செய்த கேமின் பெயர் ‘பனிமூட்டம்’. டயகமப் பக்கம் ஒரு தோட்டத்தில் பனி இறங்கிவிடும். முன்னால் நீட்டிய கை தெரியாது. விளையாடுகிறவன் லயத்து வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். திரையில் வெள்ளை மட்டும்தான். வழியைக் காதுதான் சொல்லும். இடது பக்கம் பீலிக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம், தூரத்தில் கொழுந்து லொறி கியர் மாற்றும் சத்தம், லயத்தில் எந்தக் காம்பரா அறையிலோ பிள்ளை அழும் சத்தம். சத்தத்தைத் தவறாகப் பிடித்தால் தண்ணீர் வடியும் கானுக்குள் விழ வேண்டியதுதான். அந்தச் சத்தங்களைப் பிடிக்க ஜனகன் வருடக்கணக்கில் ஒலிப்பதிவுக் கருவியோடு மலை மலையாக ஏறி இறங்கினான். அட்டை கடித்த தழும்பு அவன் காலில் இன்னும் உண்டு.

கேம் வெளிவந்ததும் ஜனங்கள் எழுதிய கருத்துகள் இப்படி இருந்தன: “ஓப்பன் பண்ணினா வெள்ளையா நிக்குது. சரிபண்ணவும்.” “என் போன் கெட்டுப்போச்சு.” “கேம் எங்கே?” கிட்டத்தட்ட எல்லாருமே ஒற்றை நட்சத்திரம்தான் கொடுத்திருந்தார்கள். சிங்கப்பூரில் இருந்து முகம் தெரியாத ஒருவர் மட்டும், இந்த மாதிரி ஒன்றைத் தான் வாழ்நாளில் விளையாடியதில்லை என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஜனகன் எவ்வளவு காலம்தான் பசியாறுவான்?

அவனுக்கு உலகத்தின் மேலேயே கோபம். ஒரு காலத்தில் ஒவ்வொரு கேமும் ஒவ்வொரு ஊர் மாதிரி இருந்தது. உள்ளே போனால் புது வழி, புது ஆட்கள், புது சட்டம். இப்போது ஒரே ஊருக்கு நூறு பெயர்ப்பலகை. மூன்று மிட்டாயை ஒன்றாகச் சேர்த்தால் வெடிக்கும். அதையே பழமாக்கினால் ஒரு கேம், ரத்தினக்கல்லாக்கினால் இன்னொரு கேம். பெரிய வெளிநாட்டுக் கம்பனிக்காரர்களே பழைய சரக்கைத் துடைத்து, சாயம் பூசி, நான்காம் பாகம் ஐந்தாம் பாகம் என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் அவன் மனைவி நிலக்ஷியிடம் சொல்லிப் புலம்புவான். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினாள்.

“ஒலகத்தத் திட்டுறீங்களா, கிஷாந்தத் திட்டுறீங்களா? மொதல்ல அதச் சொல்லுங்க.”

பதில் அவளுக்கும் தெரியும். காலையில் கண் விழித்ததும் அவன் போனில் பார்ப்பது கேம்களின் வரிசைப் பட்டியலில் ‘துள்ளு தம்பி’ எத்தனாவது இடத்தில் நிற்கிறது என்பதைத்தான். கீழே இறங்கியிருந்தால் அன்று இடியப்பம் ருசிக்கும். ஏறியிருந்தால் சம்பலில் உப்பு இல்லை என்று சொல்வான். பொகவந்தலாவை பஸ்ஸில் ஒருமுறை பக்கத்தில் இருந்த பெண் அதை விளையாடிக்கொண்டு வந்தாள். வளைவுக்கு வளைவு அவள் தோள் அவன் மேல் சாய, அந்தத் தங்கக் காசுச் சத்தம் காதுக்குள் விழுந்துகொண்டே இருந்தது. பாதி வழியில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குத் தூறலில் நின்றான்.

பால் காய்ச்சிய வீட்டில் இருந்து திரும்பிய பிறகு அவன் ஒரு முடிவுக்கு வந்தான். இவர்களுக்கு ஓட்டம்தான் வேண்டும் என்றால் ஓட்டமே கொடுப்போம்.

அதில் சிரமம் ஒன்றும் இல்லை. இணையத்தில் தயாராகச் செய்து வைத்த கேம் கிடைக்கும். டெம்ப்ளேட் என்பார்கள். ஓடுவது, தாண்டுவது, காசு பொறுக்குவது எல்லாம் உள்ளே இருக்கும். வாங்குகிறவன் ஆளின் உருவத்தையும் பின்னணியையும் பாட்டையும் மாற்றினால் போதும். பையனுக்குப் பதிலாகக் கூடை சுமந்த ஒரு பெண்ணைப் போட்டான் ஜனகன். நாய்க்குப் பதிலாகக் குளவிக் கூட்டம். ‘கொழுந்து ராணி’ என்று பெயர் வைத்தான். பனிமூட்டத்தில் ஒரு பீலிச் சத்தத்துக்குச் செலவழித்த காலம்கூட இதற்கு ஆகவில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. பொறாமைக்கு எதிராளியைத் தாண்டினால் மட்டும் போதாது, தாண்டியது யார் என்று ஊருக்குத் தெரியவும் வேண்டும். இது சண்முகராஜா வீட்டுச் சரக்கு என்று எல்லாரும் பார்க்க வேண்டும் என்பதற்காக, கேம் திறந்ததும் முதல் திரையில் தோகை விரித்த சிவப்பு மயிலைப் போட்டான்.

அந்த மயில் சண்முகராஜா ஸ்டோர்ஸின் முத்திரை. கடைக்குப் பின்னால் குடும்பத்துக்குச் சொந்தமான மில் இருக்கிறது. மிளகாயும் மல்லியும் சீரகமும் அங்கேதான் அரைபடும். அந்த மில்லில் அரைத்த தூள் பையில் மட்டும்தான் சிவப்பு மயில் விழும். கொழும்பில் வாங்கி வந்து விற்கிற சரக்கு, எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், வெறும் பையில்தான் போகும்; “இது வாங்கி விக்கிறதுங்க” என்று வாயால் சொல்லித்தான் கொடுப்பார்கள். மூத்த மகன் பெயரில் கடை தொடங்கிய ஜனகனின் தாத்தா வைத்த வழக்கம் அது. பிறகு ஜனகனின் அப்பா சண்முகராஜாவும் அவருடைய தம்பி செல்லசாமியும் கடையைப் பிரித்துக்கொண்டார்கள். நுவரெலியாக் கடை தம்பிக்குப் போனது. எல்லாம் பிரிந்தது, மயில் மட்டும் இருவருக்கும் பொதுவாக நின்றது. அப்படியிருந்தும் கிஷாந்த் தன் கேம் எதிலும் மயிலைப் போட்டதில்லை. இரண்டு இங்கிலீஷ் எழுத்தில் ஏதோ ஒரு பெயரைப் போட்டுக்கொள்வான். மிளகாய்க் கடை வாசனை தன் மேல் அடிக்கக் கூடாது என்று நினைக்கிறான் என்றே ஜனகன் நம்பினான். அவனைத் திட்டுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்தது.

கொழுந்து ராணி பிய்த்துக்கொண்டு ஓடியது. துள்ளு தம்பியை எட்டிப் பிடித்தது, ஒருநாள் தாண்டியும் போனது. அன்று ஜனகன் இடியப்பத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

எதிர்ச்சாரி நகைக்கடைக்காரர் பொன்னையாதான் போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். “மொதலாளி, ஒங்க மயில் எங்க பேத்தி போன்ல ஆடுது, பார்த்தீங்களா?”

சண்முகராஜா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். எழுபதைத் தாண்டிய பிறகும் முதுகு வளையாத மனிதர். வெள்ளைச் சட்டைக் காலர் பொத்தானைப் போடாமல் கல்லாவில் உட்கார மாட்டார். கேம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. மயில் என்றால் என்ன என்று தெரியும். கடையில் நின்றிருந்த மகனைப் பார்த்தார்.

“நம்ம மில்லுல அரைச்சதாடா?”

வேறு எதையும் அவர் கேட்கவில்லை. கடையில் வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். பொன்னையா சிரித்துக்கொண்டு நின்றார்.

“ஆமாப்பா” என்றான் ஜனகன்.

அவர் தலையை ஆட்டினார். அன்று மாலையே கடைத்தெருவில் ஏறி இறங்கினார். மருந்துக்கடை மாத்தயாவிடம், அந்த ஐயாவின் சிங்களத்திலேயே சொன்னார். சைவச் சாப்பாட்டுக் கடைக்காரரிடம் சொன்னார். ஓய்வு பெற்ற தபால் அதிபரை வழியில் நிறுத்திச் சொன்னார். “எம் மகன் சொந்தமா அரைச்சது. யாரையும் பார்த்துப் பண்ணல.” தன் பிள்ளையைப் பற்றி அவர் வாய் திறந்து பெருமை பேசியதை அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை.

ஜனகனுக்கு நெஞ்சில் ஏதோ உறுத்தத்தான் செய்தது. ஆனால் அந்த நேரம் போன் அதிர்ந்தது. துள்ளு தம்பி இன்னும் ஒரு படி இறங்கியிருந்தது. உறுத்தல் அமுங்கிப் போனது.

தங்கச்சி ஜெயந்தினியின் கல்யாணத்துக்கு அழைக்க, கிஷாந்த் வெற்றிலைத் தட்டோடு கடைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். பெரியப்பாவின் காலைத் தொட்டான். தட்டை வாங்கி வைத்ததும் சண்முகராஜா போனைக் கையில் எடுத்துவிட்டார்.

“இந்தா, ஒங்கண்ணன் பண்ணினதப் பாரு. ஓட்டிப் பாரு.”

“வேணாம்பா, அவன் வேலையா வந்திருக்கான்” என்றான் ஜனகன்.

“சும்மா இரு. தொழில் தெரிஞ்சவன் பார்க்கட்டும்.”

கிஷாந்த் கல்லாவின் ஓரத்தில் சாய்ந்து ஓட்டினான். மயில் தோகை விரித்தது. கூடைக்காரப் பெண் ஓடினாள், செடியைத் தாண்டினாள், காசைப் பொறுக்கினாள். ஒரு கற்பாலம் வந்தது. அவள் எகிறிக் குதித்தாள். அவளுடைய நிழல் மட்டும் கொஞ்சம் தாமதித்து, பிறகு ஓடி வந்து காலில் ஒட்டிக்கொண்டது. கிஷாந்தின் விரல் நின்றது. அதே டெம்ப்ளேட். அதே நிழல் கோளாறோடு அவன் துள்ளு தம்பியில் எவ்வளவோ மல்லுக்கட்டியிருக்கிறான். அவன் தலையை நிமிர்த்தி ஜனகனைப் பார்த்தான்.

ஜனகன் மல்லி மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே கட்டியிருந்த மூட்டை. இவன் இப்போது சொல்லிவிடுவான் என்று நினைத்தான். சொல்லட்டும், அவன் இடத்தில் நான் இருந்தால் சொல்லியிருப்பேன் என்றும் நினைத்தான்.

“நல்லா வந்திருக்கு பெரியப்பா.”

“நல்லா வந்திருக்கா? ஒன்னுது மாதிரியே இருக்குன்னு தபால் மாத்தயா சொன்னாரு. நான் விடல. எம் மகன் யாருதயும் பார்த்து எழுதுறவன் இல்லன்னுட்டேன்.” சண்முகராஜா கண்ணாடியைக் கழற்றினார். “ஒன்ன ஒண்ணு கேக்கணும்டா. மயில் ஒனக்கும் பாத்தியப்பட்டதுதானே. ஒன் கேமுல ஏன் போடுறதில்ல? நம்ம பேரு ஒனக்குக் கொறச்சலா இருக்கா?”

“ஐயோ, அப்பிடி இல்ல பெரியப்பா.” கிஷாந்த் போனை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். “எனக்குப் புதுசா ஒண்ணும் தோணாது. முட்டிப் பார்த்துட்டேன், வரல. வெளிநாட்டுக்காரன் பண்ணினத வாங்கி, சட்டைய மாத்தி விக்கிறேன். கேக்குறவங்ககிட்ட அதையேதான் சொல்றேன். வாங்கி விக்கிறதுல மயில் போட்டா தாத்தா செருப்பக் கழட்டியிருப்பாரு. அது அரைக்கிறவங்க போடுறது.”

சண்முகராஜா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு தம்பி மகனைப் பார்த்தார். பிறகு, “செல்லசாமி நல்லாத்தான் வளர்த்திருக்கான்” என்றார்.

அந்தச் சொல்லுக்காக ஜனகன் பிறந்ததில் இருந்து காத்திருந்தவன். அது தன் தலைக்கு மேலாகப் போய் வேறொருவன் தலையில் இறங்குவதை, மூட்டையைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டு நின்றான்.

கிஷாந்த் போய் காரில் ஏறப்போகும்போது ஜனகன் பின்னாலேயே இறங்கி ஓடினான்.

“ஏன்டா சொல்லல?”

“என்னத்தண்ணே சொல்ல?”

“தெரியாத மாதிரி பேசாத. ஒனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

கிஷாந்த் ரோட்டைப் பார்த்தான். ஒரு ஓட்டோ ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. “பெரியப்பா மொகத்தப் பார்த்தேன். அவ்வளவுதான்.” காரின் கதவைத் திறந்தான். திறந்தவன் நின்றான். “அந்த நெழல் பின்தங்குதுல்ல, அதுக்கு ஒரு வழி இருக்கு. நான் அனுப்பி வைக்கிறேண்ணே. எனக்கும் ஆரம்பத்துல பெரிய தலவலி.”

அடித்திருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம். தொழில்காரன் தொழில்காரனுக்குச் சொல்வது போல அவன் சொல்லிவிட்டுப் போனதுதான் ஜனகனை நடுரோட்டில் நிறுத்திவைத்தது. வாங்கி விற்கிற இரண்டு பேர். அதில் ஒருவன் மட்டும் அதை மறைத்தவன்.

அவன் கடைக்குள் திரும்பி வந்தான். வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரம். அப்பா வெற்றிலைத் தட்டைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லப் போவதில்லை என்று ஜனகனுக்குத் தெரிந்தது.

“அப்பா. அது நான் அரைச்சதில்ல.”

அவர் திரும்பவில்லை.

“வாங்கினது. கிஷாந்த் வாங்கின அதே எடத்துல. படத்த மாத்தி மயிலப் போட்டேன்.”

“ஏன்?”

“அவனத் தாண்டணும்னு இருந்துச்சு.”

சண்முகராஜா கல்லாவில் வந்து உட்கார்ந்தார். மேசையின் விளிம்பை விரல்களால் ஒருமுறை துடைத்தார், தூசி இருப்பதைப் போல. “முன்னால ஒண்ணு பண்ணினியே. வெள்ளையா நிக்கும்னு எல்லாரும் சிரிச்சாங்களே. அது?”

“அது முழுக்க நான் அரைச்சதுப்பா.”

“அதுல மயில் இருக்கா?”

“இல்ல.”

“ஏன்?”

“ஊரு சிரிச்சா… மயிலப் பார்த்தும் சிரிப்பாங்கன்னு போடல.”

“கூறு கெட்டவனே” என்றார் அவர். குரல் உயரவில்லை. “அரைச்சதுக்குப் போட வெக்கப்பட்ட. வாங்கினதுக்குப் போட்டிருக்க.”

“கேமையே எடுத்துர்றேன்பா.”

“கேம் ஒன் பாடு. வாங்கி விக்கிறது தப்பில்ல, அந்த வெறும் பையெல்லாம் என்ன? நாமளும்தான் விக்கிறோம். மயில எடு. இப்பவே எடு, எங் கண்ணு முன்னால.”

ஜனகன் அங்கேயே மடிக்கணினியைத் திறந்தான். மயிலை அழித்து, மாற்றிய கேமை மேலே ஏற்றினான். அது போய்ச் சேரும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. முடிந்தது என்று அவன் சொன்னதும் எழுந்து, காலர் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். சுவரில் தொங்கிய குடையை எடுத்தார்.

“எங்கப்பா போறீங்க?”

“சொன்ன எடத்துக்கெல்லாம்.”

“நான் போறேன்பா. நானே சொல்றேன்.”

“சொன்ன வாய் என்னுது. நீ கடையப் பாரு.”

தூறல் பிடித்துக்கொண்டிருந்தது. சண்முகராஜா ரோட்டைக் கடந்து முதலில் பொன்னையாவின் நகைக்கடைக்குள் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ன பேச்சு என்று கேட்கவில்லை. பொன்னையா கையை வீசிச் சிரிப்பதும், இதெல்லாம் ஒரு விஷயமா என்பது போல நாற்காலியை இழுத்துப் போடுவதும் தெரிந்தது. அப்பா உட்காரவில்லை. சொல்ல வேண்டியதை நின்றே சொன்னார். பொன்னையாவின் சிரிப்பு மெல்ல இறங்கி, அவரும் எழுந்து நின்றார்.

பிறகு மருந்துக்கடை. அங்கே இரண்டு பேருக்குப் பின்னால் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் மாத்தயாவிடம் பேசினார். மருந்து வாங்க வந்த ஒரு பெண் திரும்பிச் சண்முகராஜா ஸ்டோர்ஸைப் பார்த்தாள். ஜனகன் ஒதுங்கிக்கொள்ள நினைத்தான், ஒதுங்கவில்லை. அடுத்தது சைவக் கடை, படி உயரம். கைப்பிடியைப் பிடிக்காமல், குடையை மடக்கி, முதுகை நிமிர்த்தி ஒவ்வொரு படியாக ஏறினார்.

நுவரெலியாவில் சித்தப்பா செல்லசாமி இந்நேரம் கல்யாணப் பந்தல்காரரோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருப்பார், பிறகு வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிப்பார். மகனுக்காக எந்தக் கடைப் படியும் ஏற வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அப்படி ஒரு தகப்பனை வீட்டில் உட்காரவைத்திருக்கிற கிஷாந்தை நினைத்தபோது, ஜனகனுக்குப் பொறாமை வந்தது. இதுவரை அவன் அறியாத பொறாமை அது. இதைத் தாண்டிப் போக எந்தக் கேமும் உதவாது.

சைவக் கடையில் இருந்து இறங்கிய அப்பா குடையை விரித்தார். இன்னும் தபால் அதிபரின் வீடு இருந்தது. அது மேட்டு ரோட்டில்.